மகன் உள்ளார்

கால் எல்லாம் நனைந்திருக்கிறதே மேடம். பரவாயில்லை, அப்படியே உள்ளே வாருங்கள். செருப்பை வாசலில் விடவேண்டாம், தண்ணீர் ஏறிவிடும். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். சோபாவில் துணி காய்கிறது, ஒரு நிமிஷம், எடுத்துவிடுகிறேன். மழை, என்ன செய்வது. மாடியில் போட முடியவில்லை.

காபி போட்டு வைத்திருக்கிறேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கருவூலத்திலிருந்து கருமண்டபம் வரைக்கும் இந்த மழையில் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். இது லஞ்சம் இல்லை மேடம், காபிதான். சர்க்கரை மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கும். எங்கள் வீட்டில் எல்லாருமே குறைத்துக்கொண்டுவிட்டோம். உடம்புக்கு நல்லது.

மிது, ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு. சொல்லமாட்டாள். மூன்றரை வயசு மேடம். இன்னும் ஸ்கூலில் போடவில்லை. நான் படித்த கான்வென்டிலேயே போடவேண்டும் என்று ஆசை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.

மாமா அந்த அறையில்தான் இருக்கிறார். படுத்திருக்கிறார். எழுந்து வந்ததும் நீங்கள் கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்குமுன் நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெதுவாகத்தான் பேசவேண்டும். மூட்டு போய்விட்டது, பல் போய்விட்டது, காது மட்டும் அவருக்கு இன்னும் ஆபீசர் காது.

மனுவில் இருப்பதுதான் மேடம். என் மாமனார் தனுஷ்கோடி, துணை ஆட்சியராக ஓய்வு பெற்றவர். எழுபத்தேழு வயது. கொஞ்ச நாளாக அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது. அதனால்தான் இந்த வருஷம் உங்கள் நேர்காணலுக்கு வரவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று வந்து காட்டாததால் பென்ஷன் நின்றுவிட்டது. டாக்டர் சான்று வைத்திருக்கிறேன். இனிமேல் அவருக்குப் பதிலாக என் கணவர் வாங்கிக்கொள்கிற மாதிரி மாற்றித்தர வேண்டும். நீங்கள் நேரில் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, ஆமாம், தன் நினைவு இல்லை என்று எழுதிவிட்டால் போதும்.

இந்தப் பென்ஷனை நம்பி நாங்கள் இல்லை மேடம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பார்த்தாலே தெரியும். கீழே மூன்று ரூம், மாடியில் இரண்டு ரூம், வாசலில் கார். மெயின் ரோட்டில் காம்ப்ளெக்ஸ். என் கணவருக்கு டைல்ஸ் ஷோரூம். ஆனாலும் வரவேண்டியது வரவேண்டும் இல்லையா? முப்பத்தாறு வருஷம் உழைத்தவர். வசதி இருக்கிறது, உனக்கு எதற்கு பென்ஷன் என்று கேட்டால், நாளைக்கு வசதியானவனுக்குச் சம்பளம் எதற்கு என்றும் கேட்பார்கள். இதையெல்லாம் நான் மாமாவிடமே சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

எல்லாம் பங்குனி மாசம் எங்கள் வீட்டு வேலைக்காரம்மா பவுனாம்பாளால் வந்தது.

பதினொரு வருஷமாக வருகிறவள். பவுனு என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் செத்து ரொம்ப நாளாகிறது. ஒரே மகன், லாரி ஓட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போனவன், போனவன்தான். இவள் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருந்தாள். பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பாப்பா, நீ கான்வென்ட்டுல படிச்ச புள்ள. என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

எங்கள் கான்வென்டில் தமிழ் பேசினால் ஃபைன் மேடம். சிஸ்டர் அற்புதம் உண்டியலோடுதான் காரிடாரில் நடப்பார். எனக்கு இன்றைக்கும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதிலும் அரசாங்கத் தமிழ். மனு நிராகரிக்கப்படுகிறது, காரணம் என்று போட்டு, பக்கத்தில் இரண்டே வார்த்தை. 'மகன்... உள்...ளார்' என்று விட்டு விட்டுப் படித்தேன்.

பவுனு துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். "உள்ளாரயா? எவன் உள்ளார இருக்கான்? எந்தப் பய பாத்தான்? ஒத்தை ரூமு, ஒத்தைக் கதவு. என்னையும் அடுப்பையும் விட்டா உள்ளார இருக்கறது ஒரு பூனை. அதுவும் எதுத்த வீட்டுப் பூனை. நான் என்னமோ மகனை உள்ளார ஒளிச்சு வச்சுக்கிட்டு காசு கேக்கறேன்னு எழுதியிருக்காங்களா?"

எனக்கும் அப்போது சரியாகப் புரியவில்லை. மறுநாள் காலையில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டைப் பூட்டி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறாள். மேஜைமேல் சாவியை வைத்து, "யாராச்சும் வந்து தொறந்து பாருங்கய்யா, உள்ளார அவன் இருந்தான்னா என் பேரை அடிச்சிருங்க" என்றிருக்கிறாள். ஆபீசே சிரித்திருக்கிறது. திரும்பி வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் ரொம்பச் சிரிப்பு. புரையேறிவிட்டது.

"ஏம்மா பவுனு, உள்ளார்னா உள்ள இருக்கான்னு அர்த்தம் இல்லம்மா. இருக்கான்னு அர்த்தம். மகன் இருக்கான். எங்க இருந்தாலும் இருக்கான். மகன் இருந்தா உதவித்தொகை கிடையாது. அதான் ரூல்."

"எங்கயோ இருக்கறவன் இங்க எப்படிங்கய்யா சோறு போடுவான்?"

"அதை நீ அவன்கிட்டதான் கேக்கணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். மாமாவின் பெருமையைச் சொல்லவேண்டும் என்று ஒரு ஆசை எனக்கு. "பவுனு, மாமாகிட்டயே போய் ரூல் பேசறியா? அவங்க தாசில்தாரா இருந்தப்ப இந்த வேலைதான் பாத்தாங்க. ஊர் ஊராப் போய் விசாரிச்சு, வீடு இருக்கு, மகன் இருக்கான்னு எத்தனை பேரை நீக்கி அரசாங்கத்துக்கு மிச்சம் பிடிச்சுக் கொடுத்திருக்காங்க தெரியுமா? கலெக்டர் கையால பாராட்டு வாங்கியிருக்காங்க" என்றேன்.

பவுனு தரையைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள். "அப்ப ஐயாவுக்கு மட்டும் எப்படிப் பாப்பா வருது? மாடியில தம்பி இருக்காருல்ல?"

கிண்டலாகக் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் அப்படி ஒன்றும் விவரமானவள் இல்லை. "அது வேற, இது வேற பவுனு. உனக்குக் கொடுக்கறது உதவி. மாமாவுக்குக் கொடுக்கறது உரிமை" என்று சொன்னேன். சரியாகத்தானே சொன்னேன்? "அப்படியா பாப்பா" என்று சொல்லி, துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டாள். அவளுக்கு அத்தோடு முடிந்தது.

மாமா தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன். காதில் விழவில்லை. ரசம்சாதம் அப்படியே காய்ந்துபோயிற்று.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் மேடம். டாக்டர் கூட எப்போதிலிருந்து என்று கேட்டார். அந்த ரசம்சாதத்திலிருந்துதான் என்று சொன்னேன்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்துக் கேட்டார். "ஹேமா, மதி கடை எப்படிப் போகுது?"

மதியழகன் என் கணவர். "நல்லா போகுது மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"காம்ப்ளெக்ஸ் வாடகை?"

"மாசா மாசம் வருது மாமா."

"மதி என்னை நல்லா வச்சிருக்கானா?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க?"

"சொல்லும்மா. விசாரணைன்னா இப்படித்தான் கேக்கணும்."

"நல்லாதான் மாமா வச்சிருக்காங்க."

தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பி, யாரோ எழுதிக்கொள்வதற்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "சொந்த வீடு உண்டு. வாடகை வருமானம் உண்டு. மகன் உள்ளார். ஆதரிக்கிறார். நீக்கலாம்."

நீங்களே சொல்லுங்கள். தன்னைத்தானே விசாரணை பண்ணிக்கொள்கிற மனுஷனைப் பார்த்திருக்கிறீர்களா?

அதற்கப்புறம் உங்கள் ஆபீசுக்கே போன் போட்டார். எனக்கு ஓய்வூதியம் வேண்டாம், தேவை இல்லை, நிறுத்திவிடுங்கள் என்று. எடுத்தவர் யாரோ சின்னப் பையன் போலிருக்கிறது. "சார், வேணும்னு கேக்கறதுக்குத்தான் எங்ககிட்ட வழி இருக்கு. வேணாம்னு சொல்ல வழியே இல்லையே" என்று சொல்லியிருக்கிறான். மாமா விடவில்லை. கடைசியில் அவன் விளையாட்டாக, "நேர்காணலுக்கு வராம இருந்துருங்க சார். உயிரோட இல்லன்னு நினைச்சு அதுவே நின்னுடும்" என்று சொல்லிவிட்டான். தப்பாக நினைக்காதீர்கள், பொறுப்பில்லாத பேச்சு அது. மாமாவுக்கு வழி கிடைத்துவிட்டது.

ஓய்வூதியர் சங்கத்துத் துரைக்கண்ணு சார் வந்தார். மாமாவோடு வேலை பார்த்தவர், ஜங்ஷனில் இரண்டு லாட்ஜ் வைத்திருக்கிறார். நான்தான் போன் பண்ணி வரச்சொன்னேன்.

"அண்ணே, என்ன இது கூத்து? நீங்க ஒருத்தர் வேணாம்னு ஆரம்பிச்சா நாளைக்கு எல்லாருக்கும் வேணாம்பான். கொடி பிடிச்சு, மறியல் பண்ணி, உள்ள போயி வாங்கினதுண்ணே இது."

"எனக்குத் தேவை இல்லையே துரை."

"தேவையைப் பத்தி யாரு பேசினா? உரிமைண்ணே."

"நானும் நீயும் ஜீப்புல போயி ஊர் ஊரா உனக்குத் தேவை இல்லன்னு அடிச்சோமே. அன்னைக்கு அதை உரிமைன்னு ஒருத்தரும் நமக்குச் சொல்லலையே."

"அதுங்க என்ன முப்பது வருஷம் ஃபைல் பாத்துதுங்களா?"

"இல்லதான். களை பறிச்சதுங்க."

"உங்களுக்கு வேணாம்னா வாங்கி அந்த வேலைக்காரிக்கே கொடுத்துட்டுப் போங்களேன்!"

"அது தர்மம் பண்றது. நான் தர்மம் பண்ண வரல துரை. அடிச்ச பேனாவை என் பேர் மேலயும் வச்சுப் பாக்கறேன், அவ்வளவுதான்."

துரைக்கண்ணு சார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வாசலில் என்னிடம், "ஏம்மா, நல்ல டாக்டராப் பாரு. சாமி கீமி எதுவும் வருதான்னும் பாத்துக்க" என்றார். முதன்முதலில் டாக்டர் என்ற யோசனையைச் சொன்னது அவர்தான் மேடம். நானாக யோசிக்கவில்லை.

சம்பளம் மாதிரிதானே இது, வாங்கிக்கொள்ளுங்கள் மாமா என்று நானும் கெஞ்சினேன். "சம்பளம் வேலைக்குக் கொடுத்தாங்கம்மா. இது நான் பட்டினி கிடக்கக்கூடாதுன்னு கொடுக்கறது. நான் பட்டினியா கிடக்கறேன்?" என்றார். அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டு, "இல்ல மாமா" என்று சொன்னேன். அவருக்குத்தான் முதலில் போடுவேன். நாங்கள் அப்புறம் இருப்பதைப் பார்த்துக்கொள்வோம்.

நேர்காணல் ஆரம்பித்தது. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஆட்டோ கூப்பிட்டால் ஏறமாட்டார். இப்போதுதான் போனிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிடலாமே, அதைச் செய்வோம் என்று பார்த்தேன். போனை முகத்துக்கு நேரே பிடித்தால் வட்டம் வரும். கண்ணைச் சிமிட்டுங்கள் என்று எழுத்து வரும். சிமிட்டினால் உயிரோடு இருக்கிறார் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. நான் போனைத் தூக்கினாலே மாமா கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். சாப்பிடும்போது தூக்கினேன், பேப்பர் படிக்கும்போது தூக்கினேன். மூடிய கண்ணோடு சாம்பார் ஊற்றிக்கொள்கிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

கடைசியில் மிதுவிடம் சொன்னேன். "தாத்தா கண்ணைத் திறக்கணும், நீ போய் மடியில உக்காந்து தாத்தா தாத்தான்னு கூப்பிடு" என்று. குழந்தையை வைத்துச் செய்யலாமா என்று நினைக்காதீர்கள். அவள் கூப்பிட்டால் அவரால் சும்மா இருக்கமுடியாது. வீட்டில் அவர் கண்ணுக்கு அவள் ஒருத்திதான் தெரிவாள். அவள் மடியில் ஏறி இரண்டு இமையையும் பிடித்து இழுத்தாள். திறந்துவிட்டார். நான் பின்னாலிருந்து போனை நீட்டினேன். என் கையில் போனைப் பார்த்தார், மிதுவைப் பார்த்தார், புரிந்துவிட்டது. அப்புறம் கண்ணை மூடவில்லை மேடம். சிமிட்டவும் இல்லை. அப்படியே விரித்து வைத்துக்கொண்டு போனையே பார்த்தார். கண் சிவந்துபோய்த் தண்ணீர் கொட்டுகிறது, சிமிட்டமாட்டேன் என்கிறார். போனில் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மிது ஏதோ புது விளையாட்டு என்று கையைத் தட்டிச் சிரிக்கிறாள். கடைசியில் போன்தான் தோற்றது. மறுபடி முயற்சிக்கவும் என்று வந்தது.

இது புத்தி தெளிவாக இருக்கிற மனுஷன் செய்கிற வேலையா?

ஆடி மாசம் பணம் வரவில்லை. அக்கவுண்டைத் திறந்து திறந்து பார்த்தேன். மாமாவிடம் சொன்னேன். "நின்னுருச்சா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

என்ன மேடம்? இல்லை, புரிகிறது, கேளுங்கள்.

அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். உங்களுக்குத்தான் இவ்வளவு வசதி இருக்கிறதே, பெரியவர் ஆசைப்படி விட்டுவிட்டால் என்ன என்று. நீங்களும் அதையே கேட்கிறீர்கள்.

ஒரு நிமிஷம். அந்தக் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்.

கார் ஓடாது மேடம். டயரைப் பாருங்கள், மண்ணில் பதிந்திருக்கிறது. ஷோரூமைத் தை மாசமே பாங்க்காரர்கள் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். காம்ப்ளெக்ஸ் அதற்கு முன்னாலேயே போய்விட்டது. அத்தை செத்தபிறகு மாமா எல்லாவற்றையும் இவர் பேருக்கு எழுதிக்கொடுத்தார், இவர் எல்லாவற்றையும் கடன் பேருக்கு எழுதிக்கொடுத்தார். இந்த வீட்டுக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லக்கூடாது என்று இவர் மிது தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்பா முகத்தில் முழிக்க முடியாது, அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே நான் இல்லை என்றார்.

முதலில் ஷோரூமுக்குப் போகிற மாதிரி சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போவார். எங்கே உட்கார்ந்திருப்பாரோ, சாயங்காலம் வருவார். சித்திரையிலிருந்து அதுவும் இல்லை. மாடி ரூமில்தான் இருக்கிறார். கீழே இறங்குவதில்லை. மாமா கேட்டால் ஆன்லைனில் மீட்டிங் என்று சொல்கிறேன். இவர் போன் எப்போதோ கட்டாகிவிட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மேடம். காலையில் காபி எடுத்துக்கொண்டு போனால், கதவைத் தட்டுவதற்கு முன்னால் அங்கேயே நிற்பேன். உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா, இருமுகிறாரா, கட்டில் கிறீச்சிடுகிறதா என்று. கேட்டபிறகுதான் தட்டுவேன். துணி இங்கே காய்வதற்கு மழை காரணம் இல்லை. மாடியில் இருந்த கொடிக்கயிற்றை நான்தான் அவிழ்த்து எடுத்துவிட்டேன். என் புடவை, துப்பட்டா ஒன்றுகூட மாடியில் கிடையாது. எல்லாம் கீழேதான்.

தை மாசத்திலிருந்து அந்தப் பென்ஷனில்தான் நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டோம். மாமா தட்டில் நான் போட்ட தோசை மாமாவுடையதுதான். இவர் மாத்திரையும் அதில்தான். மிதுவை எங்கே சேர்ப்பது, எதை வைத்துச் சேர்ப்பது? எனக்கு ஒரு வேலை தெரியாது மேடம். இங்கிலீஷ் தெரியும். மளிகைக்காரரிடம் இங்கிலீஷில் கேட்டால் கொடுப்பாரா? இந்தப் பென்ஷன் மறுபடி வராவிட்டால் அந்த மாடிக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது. பகலிலேயே பயமாக இருக்கிறது.

பவுனுவையா? நிறுத்திவிட்டேன். சம்பளம் கொடுக்கமுடியவில்லை. கொடுக்கவேண்டியதும் கொஞ்சம் பாக்கி. அவள் திண்டாட்டம் எல்லாம் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். அவளுக்கு என்ன மேடம், ஒண்டி ஆள். எங்கேயாவது மகன் இருக்கிறான், தேடிக்கொண்டு போகட்டுமே. எனக்கு அப்படிப் போக யார் இருக்கிறார்கள்?

டாக்டர் இவருடைய கிளாஸ்மேட்தான். கேட்டதும் எழுதித் தந்துவிட்டார். அதாவது பார்த்துத்தான் எழுதினார். போனில் பார்த்தார். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேனா? நீங்கள் கையைக் காட்டுகிறீர்களே.

மாமா.

எழுந்துட்டீங்களா மாமா? எப்ப வந்தீங்க? வாங்க, உக்காருங்க. இவங்க கருவூலத்துலேருந்து வந்திருக்காங்க. என்ன மாமா இது, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க? ஒருநாளும் இப்படி... சரி, இருக்கட்டும். உக்காருங்க.

கேளுங்கள் மேடம். பேரைக் கேளுங்கள்.

மாமா, மேடம் உங்க பேரைக் கேக்கறாங்க. சொல்லுங்க.

என்னது, ஞாபகம் இல்லையா? மாமா, என்ன விளையாட்டு இது? கையெழுத்துப் போடறப்ப...

இது என்ன மாசம்னு கேக்கறாங்க மாமா. சித்திரையா? ஐப்பசி மாமா! காலையில நீங்கதானே காலண்டர்ல தேதி கிழிச்சீங்க, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்னு மிதுகிட்ட எண்ணிக் காட்டினீங்களே...

இல்லை மேடம். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசவில்லை. நீங்கள் கேளுங்கள்.

எங்கே வேலை பார்த்தார் என்றா? அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டதா? வேலையே பார்த்ததில்லை என்கிறார். எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாரே மேடம். உங்களையேதான் பார்க்கிறார். என்னை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன்.

மிது, இங்க வா. தாத்தா மடியில ஏறாத. ஆன்ட்டி தாத்தாவைத்தான் கேக்கறாங்க, நீ பேரைச் சொல்லாத. வாயை மூடு மிது. தாத்தாதான் சொல்லணும்.

மாமா. இது யாருன்னு கேக்கறாங்க.

மாமா.

தெரியாது என்கிறார் மேடம். யாரோ பக்கத்து வீட்டுக் குழந்தை என்கிறார்.

எழுதிவிட்டீர்களா? இதற்குமேல் கேட்கவேண்டாம், போதும். இனிமேல் வருஷா வருஷம் வந்து கேட்பீர்களா? அக்கம்பக்கத்திலும் விசாரிப்பீர்களா? எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் வருவீர்களா? அப்படியென்றால் வாசலில், தெருவில், இவள் கூப்பிட்டால் அவர்... இல்லை, ஒன்றும் இல்லை. எழுதுங்கள். நான் எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?

மிது, தாத்தா கையை விடு. இழுக்காத, வலிக்கும் அவங்களுக்கு. விளையாட்டு இல்லடா செல்லம். தாத்தாவுக்கு உன்னைத் தெரியல.

ஆமாண்டா. நிஜமாத்தான்.